பழைய ஃப்ரிட்ஜுக்கு என்ன விலை போடுவது?

சென்னை மேடவாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2021 தீபாவளிக்கு 26,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 253 லிட்டர் டபுள் டோர் ஃப்ரிட்ஜ். இந்த ஜூன் கடைசியில் பெங்களூருக்கு வீடு மாறுகிறார்; கூடவே தூக்கிப் போக மனமில்லை. ஆன்லைனில் அதே மாடல் 8,500 முதல் 17,000 வரை கிடக்கிறது. ஒருத்தர் 9,000 போட்டிருக்கிறார். "நான் 8,900 போட்டால் என்னுடையது முதலில் போய்விடுமா? பக்கத்து செகண்ட் ஹேண்ட் கடைக்காரர் 5,000தான் தருவேன் என்கிறார். அது அடிமாட்டு விலை இல்லையா?"

8,900 போடாதீர்கள். 10,000 போடுங்கள், முதல் பத்து நாள் 9,000க்குக் கீழே இறங்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. பள்ளிக்கரணைப் பக்கம் பதினொரு வருடமாக நான் செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் கடை வைத்திருக்கிறேன். உங்களுக்கு 5,000 சொன்னாரே, அவருடைய ஜாதிதான் நானும். கீழே சொல்லப்போவதில் பாதி என் வியாபாரத்துக்கே எதிரானது. பரவாயில்லை, ஊரில் ஃப்ரிட்ஜுக்கா பஞ்சம்.

நீங்கள் பார்த்த விளம்பரப் பட்டியலில் ஒரு கோளாறு இருக்கிறது. அதில் இருப்பவை எல்லாம் இன்னும் விற்காதவை. சரியான விலைக்கு வந்த ஃப்ரிட்ஜ் இரண்டே நாளில் குட்டி யானையில் ஏறிப் போயிருக்கும், விளம்பரத்தையும் எடுத்திருப்பார்கள். 17,000 போட்டவர் மட்டும் மூன்று மாதமாக அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஆக, திரையில் தெரிவதில் பெரும்பாலானவை ஜனங்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிப்போன விலைகள். அவற்றைக் கூட்டி வகுத்து "மார்க்கெட் ரேட் 12,000" என்று முடிவுகட்டினால் நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்பீர்கள். இ-பே என்ற அமெரிக்க விற்பனைத் தளத்தில் விற்று முடிந்த பொருட்களை மட்டும் வடிகட்டி, என்ன விலைக்குப் போனது என்று பார்க்கலாம். அதன் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. நம் ஊரில் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் எதை எடுத்தாலும், சொன்ன விலைதான் கண்ணில் படும். படிந்த விலை விற்றவருக்கும் வாங்கியவருக்கும்தான் தெரியும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. உங்கள் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கிற பத்து விளம்பரங்களை இன்று சேமித்து வையுங்கள். நாலு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். காணாமல் போனவை என்ன விலையில் இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு பேருக்கு நீங்களே வாங்குகிறவர் மாதிரி போன் போட்டு "லாஸ்ட் எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் 12,000 போட்டவர் போனிலேயே "ஒன்பதரைக்கு எடுத்துக்கோங்க" என்று சொல்வதைக் காதால் கேட்டால், பட்டியலை அப்புறம் வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

கீழ்ப்பக்கத்து விலைகளையும் நம்பிவிடாதீர்கள். நல்ல கண்டிஷன், பில் இருக்கிறது, ஆனாலும் 4,000தான் என்று கிடப்பதில் பல ஏமாற்று விளம்பரங்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுவார்கள். இன்னும் சில எங்கள் ஆட்கள் போடுவது. போன் வரவழைக்கக் குறைந்த விலை போட்டுவிட்டு, "அது இப்பதான் போச்சு சார், கடைக்கு வாங்க, வேற நல்லது காட்டுறேன்" என்போம். போட்டோவில் பின்னால் ஷட்டர் தெரிகிறதா, ஓரத்தில் இன்னொரு ஃப்ரிட்ஜின் கால் தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேல் துணி விரித்திருக்கும், பக்கத்தில் அரிசி டப்பா இருக்கும். கடையில் அதெல்லாம் இருக்காது.

நீங்கள் சொன்ன 9,000 விளம்பரத்துக்கு வருவோம். அதைத் திறந்து எந்த ஏரியா, என்றைக்குப் போட்டது என்று பார்த்தீர்களா? ஆவடியில் இருக்கிற ஃப்ரிட்ஜ் மேடவாக்கத்து ஃப்ரிட்ஜுக்குப் போட்டியே இல்லை. சோழிங்கநல்லூரில் வீடு எடுத்திருக்கிற பையன் ஆவடியிலிருந்து அதைக் கொண்டுவர வண்டி வாடகை, ஏற்றி இறக்க ஆள் கூலி என்று இரண்டாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டிலிருந்து என்றால் அதில் பாதிக்கும் குறைவு. அவனுடைய கணக்கில் அந்த 9,000 பதினோராயிரத்துக்கு மேல், உங்களுடைய 10,000 அதைவிடக் கீழே. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் அதற்கும் தனிக் கூலி. பழைய பொருளுக்கு இரண்டு விலை: விளம்பரத்தில் இருப்பது ஒன்று, வாங்குகிறவர் வீட்டில் ப்ளக் சொருகும்போது ஆகியிருப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நீங்கள் ஒப்பிட வேண்டும்.

சரி, அப்படியானால் விலையை எதை வைத்து முடிவுசெய்வது? மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர்.

மேல் சுவர், இன்றைக்குப் புதுசு என்ன விலை என்பது. நீங்கள் 2021இல் கொடுத்த 26,000ஐ மறந்துவிடுங்கள். அதைப் பற்றி வாங்குகிறவருக்குக் கவலை இல்லை. இன்று ஷோரூமில் அதே அளவு, அதே தர ஃப்ரிட்ஜ் ஆஃபர் போக 23,500 என்று வைத்துக்கொள்வோம். அதோடு ஒரு வருட வாரண்டி, வீட்டுக்கே டெலிவரி, மாதத் தவணை எல்லாம் வருகிறது. 17,000 போட்டிருக்கிறவரிடம் வாங்கினால் வண்டிச் செலவோடு 18,000 ஆகிவிடும், அதையும் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். தவணையில் புதுசே கிடைக்கும்போது எவன் வருவான்? என் அனுபவத்தில், புதுசு விலையில் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் போனே வராது. நாலரை வருடப் பொருள், பில்லோடு, ஒரே வீட்டில் ஓடியது என்றால் நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து சதவீதம் படியும். 23,500க்கு அது 9,400லிருந்து 10,575.

பில் விலையை மறக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏசியோ பைக்கோ விற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 350 சிசி வரையிலான பைக், ஸ்கூட்டருக்கும் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. உங்கள் ஏசி பில்லில் 40,000 என்று இருந்தால் வரி போக அது 31,250. அதற்கு இன்றைய வரி போட்டால் 36,875தான். உங்கள் பொருள் ஒரு நாள்கூடக் கூடுதலாக ஓடவில்லை, ஆனாலும் மேல் சுவர் மூவாயிரம் ரூபாய் இறங்கிவிட்டது. இன்னும் பழைய பில்லைக் காட்டி "நாற்பதாயிரம் சார், பாதி விலைக்குத் தரேன்" என்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஃப்ரிட்ஜுக்கு இந்தத் தலைவலி இல்லை. அது 2018 ஜூலையிலேயே 18க்கு வந்துவிட்டது.

கீழ் சுவர், கடைக்காரர் சொன்ன 5,000. அடிமாட்டு விலை என்று கோபப்படுகிறீர்கள். அதை வாங்கி அவர் என்ன செய்வார் என்று பாருங்கள். வண்டி அனுப்பி எடுத்துவர ஆயிரம். கழுவி, கதவு ரப்பர் மாற்றி, ஒடுக்கு இருந்தால் தட்டி, எல்லாம் சேர்த்து எழுநூறு, எண்ணூறு. கடை வாடகை. எங்காவது ஒன்று கேஸ் இறங்கித் திரும்பி வந்தால் அந்த நஷ்டம். இத்தனையும் போட்டு மூன்று மாதக் கடை வாரண்டியோடு 9,000, 9,500க்கு விற்பார். அதாவது 5,000 உங்கள் ஃப்ரிட்ஜின் மதிப்பு அல்ல; இன்று சாயங்காலமே இடத்தைக் காலி பண்ணிக் கொடுப்பதற்கான விலை. அவசரம் இருந்தால் அது நல்ல விலைதான். உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இந்த இரண்டு சுவருக்கும் நடுவில் உங்கள் உண்மையான போட்டியாளர் கடையில் 9,500க்கு நிற்கிற ஃப்ரிட்ஜ். ஆன்லைனில் 9,000 போட்டவர் இல்லை. கடைக்காரர் வாரண்டி கொடுக்கிறார், நீங்கள் கொடுக்க முடியாது. ஆனால் கடையில் இருப்பது யார் வீட்டில் எப்படி ஓடியது என்று கடைக்காரருக்கே தெரியாது, உங்களுக்குத் தெரியும். உங்கள் விலையைத் தூக்கிப் பிடிப்பது இதுதான்.

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு தனி அர்த்தமும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் வீடுகளில் தண்ணீர் புகுந்தது. ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் பின்பக்கம் அடியில் இருக்கிறது. முழங்கால் வேண்டாம், கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றாலே அதற்கு ஆபத்துதான். அப்படி நின்ற மெஷின்களைத் துடைத்து பாலிஷ் போட்டு விற்றவர்கள் நிறையப் பேர். அன்றிலிருந்து இந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் வாங்க வருகிறவர்கள் கதவைத் திறப்பதற்கு முன்னால் கேட்பது, "எந்த ஃப்ளோர்ல இருந்துச்சு?" நான் வாங்கப் போனாலும் முதலில் குனிந்து பின்பக்க அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். உங்கள் வீடு இரண்டாவது மாடி என்றால் விளம்பரத்தில் முதல் வரியாக அதைப் போடுங்கள்: "இரண்டாவது மாடி வீடு, தண்ணீர் படாதது." "எக்ஸலண்ட் கண்டிஷன்" என்று எழுதுவதால் ஐந்து பைசா கூடாது. இந்த ஒரு வரி ஐந்நூறு ரூபாய் கூட்டும்.

1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் வியாபாரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்கு வண்டியின் வண்டவாளம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் சுமார் வண்டியின் விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டே போய்விடுவான் என்பது சாரம். 2001இல் நோபல் பரிசு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். எங்கள் மொழியில் சொன்னால், சந்தேகம் தீர்கிற அளவுக்குத்தான் விலை கூடும். பில்லின் போட்டோவைத் தேதி தெரிகிற மாதிரி போடுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் வாரண்டி தருகின்றன. உங்கள் பில்லிலும் அப்படி இருந்தால் இன்னும் ஐந்து வருடம் பாக்கி. அது கடைக்காரரின் மூன்று மாதத்தைவிடப் பெரிது. ஸ்டார் லேபிளையும் படம் எடுங்கள். ஸ்டார் கணக்கைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள், அதனால் "3 ஸ்டார்" என்று மட்டும் எழுதாமல் வருடத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று லேபிளில் இருப்பதை எழுதுங்கள். ஆள் பார்க்க வரும் நாளில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், உள்ளே ஐஸ் ட்ரே இருக்க வேண்டும். அணைத்துக் காலி செய்து வைத்த ஃப்ரிட்ஜை யாரும் நம்ப மாட்டார்கள். வந்தவர் ரப்பரைத் தடவிப் பார்த்தால் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்கச் சொல்லுங்கள். நோட்டு இறுக்கமாக நின்றால் அவர் வாயடைத்துப் போவார். நழுவி வந்தால் ரப்பர் போயிற்று, முன்னூறு குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி உங்கள் 8,900. நூறு ரூபாய் குறைத்து அடுத்தவரை முந்துவது புதுப் பொருளில் நடக்கும். அங்கே பத்துக் கடையிலும் ஒரே பெட்டி, ஒரே சீல். விலையை மட்டும் பார்த்து வாங்குவார்கள். பழைய பொருளில் ஒவ்வொன்றும் தனி. 8,900க்கும் 9,000க்கும் வித்தியாசம் பார்த்து யாரும் வீடு ஏறி வருவதில்லை. ஆனால் அந்த 9,000காரர் உங்களுடையதைப் பார்ப்பார். அவர் 8,700 ஆக்குவார், நீங்கள் 8,500 ஆக்குவீர்கள்.

இது நடந்த கதை. பெரும்பாக்கத்தில் ஒரே அபார்ட்மெண்டில் இரண்டு வீடு, இரண்டிலும் ஒரே கம்பெனி ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின், இரண்டுமே ஊர் மாறுகிறவர்கள். ஒருவர் 11,000 போட்டார், இன்னொருவர் 10,500. ஒரே வாரத்தில் ஆளுக்கு நாலு தடவை குறைத்து 7,000க்கு வந்துவிட்டார்கள். பக்கத்து பிளாக்தான், ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். விலை தினமும் விழுவதைப் பார்த்த வாங்குகிறவர்கள் இன்னும் விழட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து 11,500க்கு ஒரே வண்டியில் ஒருத்தன் ஏற்றிக்கொண்டு போனான். அந்த ஒருத்தன் நான்தான்.

அடுத்தவர் விலையை மட்டும் பார்த்து விலை போடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கை உண்டு. 2011 ஏப்ரலில் அமேசானில் ஈயின் வளர்ச்சி பற்றிய ஒரு உயிரியல் புத்தகத்தை இரண்டு பேர் விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் விலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டார்கள். ஒருவருடையது எதிராளி விலையைவிடத் துளி குறைவாக, 0.9983 மடங்கு வைக்கும். இன்னொருவருடையது எதிராளி விலையைப் போல 1.27 மடங்கு வைக்கும். ஒன்றையொன்று பார்த்து ஏறி ஏறி, ஏப்ரல் 18 அன்று புத்தகத்தின் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டியது. தபால் செலவு தனியாக 3.99 டாலர்! இதைக் கவனித்து எழுதியவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர் மைக்கேல் ஐசன். கூடுதலாக வைத்தவரிடம் புத்தகமே இருந்திருக்காது, ஆர்டர் வந்தால் மற்றவரிடம் வாங்கி அனுப்பலாம் என்று இருந்திருப்பார் என்பது அவருடைய ஊகம். நம் பட்டியலிலும் பொருளே இல்லாத விளம்பரங்கள் இருக்கின்றன. அவற்றோடு போட்டி போட்டு நீங்கள் எதற்கு இறங்க வேண்டும்?

10,500 போடலாமே என்று தோன்றும். தேடுகிறவர்கள் "பத்தாயிரம் வரை" என்று வரம்பு வைத்துத்தான் தேடுகிறார்கள். 10,500 அவர்கள் கண்ணிலேயே படாது. 9,999 என்று போட்டால் கடை விளம்பரம் மாதிரி இருக்கும். 10,000 சரியாக இருக்கும்.

காலமும் உங்கள் பக்கம். இன்னும் ஆடி வரவில்லை; ஆடி பிறந்துவிட்டால் யாரும் புதுவீடு போக மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள், ஃப்ரிட்ஜும் கேட்க மாட்டார்கள். போதாததற்கு ஷோரூம்களில் ஆடித் தள்ளுபடி வந்து மேல் சுவரையும் இறக்கிவிடும். ஜூலை நடுவில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் 8,500 சொல்லியிருப்பேன்.

விளம்பரம் போட்ட முதல் இரண்டு மூன்று நாளில்தான் போன் அதிகம் வரும். போனே வரவில்லை என்றால் விலை தவறு. போன் வருகிறது, ஆள் வரவில்லை என்றால் போட்டோவோ விவரமோ போதவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றால் ஃப்ரிட்ஜில் ஏதோ இருக்கிறது, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குறைப்பதாக இருந்தால் இருநூறு இருநூறாகச் சொட்டவிடாமல் பத்து நாள் கழித்து ஒரே அடியாக 9,000 ஆக்கி, பழைய விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

சாட்டில் "லாஸ்ட் ப்ரைஸ்?" என்று மட்டும் கேட்கிறவருக்கு விலையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். "நேரில் வந்து பாருங்க, பார்த்துப் பேசிக்கலாம்" என்று முடித்துக்கொள்ளுங்கள். சாட்டில் சொன்ன 9,300, அவர் நேரில் வரும்போது பேரத்தின் ஆரம்பமாகிவிடும். எங்கள் ஆட்கள் செய்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒருத்தன் வந்து அங்கே இங்கே தட்டிப் பார்த்து "கம்ப்ரஸர் சத்தம் வருது சார், நாலாயிரம்தான் போகும்" என்று சொல்லிவிட்டுப் போவான். சாயங்காலம் இன்னொருத்தன் வந்து ஐந்தரை என்பான். காலையில் கேட்ட நாலாயிரம் காதில் இருப்பதால் ஐந்தரை அமிர்தமாக இருக்கும். இரண்டு பேரும் ஒரே கடை. நான் இதைச் செய்ததில்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

பணம் அனுப்புகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

ஜூன் 26 வரைக்கும் நின்றுகொண்டிருந்தால் பள்ளிக்கரணைக்கு ஒரு போன் போடுங்கள். 5,500 தருகிறேன், வண்டியும் நானே அனுப்புகிறேன். அதற்கு மேல் கேட்காதீர்கள், எனக்குக் கட்டுப்படியாகாது.